எண்ணெய்ப் பிடிகலம்: டர்போ மகிழுந்தின் துணைக்கருவியும் அதனை விளக்கும் தமிழும்

மொழி குறித்த பொழிவு வரிசையில் மகிழுந்து இயந்திரத்தின் எண்ணெய்க் குழாய் பொருளாக வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் ஒரு மொழி தன் மக்கள் நாள்தோறும் கையாளும் கருவிகளைத் தெளிவுற விளக்குகிறதா என்பது மொழியியல் கேட்க வேண்டிய வினாவே. அதனைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் கிட்டும். தமிழால் முடியும் என்று ஒரு சாராரும், முடியாது என்று மற்றொரு சாராரும் முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவர். ஆதலின் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அது செய்யும் வேலையையும் அதனைப் பொருத்தும் முறையையும் தமிழில் சொல்லிப் பார்ப்போம். டர்போ பூட்டிய பெட்ரோல் இயந்திரத்தில் கூடுதலாகப் பொருத்தப்படும் எண்ணெய் பிடிக்கும் கலமே அக்கருவி. பட்டறைகளில் அதனை ‘ஆயில் கேட்ச் கேன்’ என்பர். நாம் ‘பிடிகலம்’ என்போம். பிடித்த கலம், பிடிக்கின்ற கலம், பிடிக்கும் கலம் என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. இயந்திரம் ஓடும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பொருளுக்கு அப்பெயர் நன்கு பொருந்தும்.

பாலிக் புலாவில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மலாயில் இவ்வூர்ப் பெயர் தீவின் பின்புறம் என்று பொருள்படும். ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கு வருவோர் தீவின் நடுவே கிடக்கும் மலையைக் கடக்கவோ சுற்றவோ வேண்டும். பாயா தெருபோங் பக்கமிருந்து வரும் துன் சார்டோன் சாலை வளைந்து வளைந்து மேலேறி மறுபுறம் இறங்குகிறது. டுரியான் பருவத்தில் அச்சாலையில் ஊரும் வண்டிகளின் வரிசையை நாம் அனைவரும் அறிவோம். அந்த ஏற்றத்தில் இயந்திரம் விடாமல் சுமை தாங்கி உழைக்கிறது. ஊருக்குள் வந்தபின்போ பள்ளிக்கும் சந்தைக்குமாகச் சிறு சிறு தொலைவு மட்டுமே ஓடி, முழுச்சூடு ஏறுமுன் நிறுத்தப்படுகிறது. நீண்ட சுமை, குறும்பயணம் ஆகிய இரண்டும் பிடிகலத்தில் சேரும் பொருளை மிகுவிப்பன.

டர்போ என்பது இன்று பந்தய ஆர்வலர்க்கு மட்டும் உரியதன்று. 2012ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் பிரெவே 1.6 லிட்டர் டர்போ இயந்திரத்துடனும் விற்கப்பட்டது. 2020 அக்டோபரில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ்50 மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் டர்போவுடன் வந்தது. 2021 மார்ச்சில் வந்த பெரோடுவா அத்திவாவின் டர்போ இயந்திரம் ஒரே ஒரு லிட்டர் கொள்ளளவினது. சிறிய இயந்திரத்தில் மிகுந்த காற்றை அடைத்துப் பெரிய இயந்திரத்தின் வேலையை வாங்குவது இக்காலப் போக்கு. ஆகவே பிடிகலம் பற்றிய கேள்வி இப்போது ஆசிரியர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது.

முதலில் இயந்திரத்தின் உள்ளே நிகழ்வதைக் காண்போம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரியும்போது எழும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உண்டு. அவை சிலிண்டர்ச் சுவரை ஒட்டி அடைத்து நிற்பன. எனினும் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சிறு வெட்டு இருந்தே தீரும். இல்லையேல் சூட்டில் அது விரிய இடமிராது. அவ்வெட்டின் வழியாகவும் சுவரோரமாகவும் எரிந்த வளி சிறிதளவு கீழே நழுவுகிறது. புத்தம் புதிய இயந்திரத்திலும் இது நிகழும். இதனைக் ‘கசிவளி’ என்று பெயரிட்டுக்கொள்வோம். கசிவளியில் நீராவி உண்டு, எரியாத பெட்ரோல் உண்டு. பிஸ்டனுக்குக் கீழே வளைந்த தண்டு சுழலும் அறைக்குள் அது இறங்குகிறது. அந்த வளைந்த தண்டுக்கு நம் கலைச்சொல்லாளர் ‘வணரி’ என்னும் சொல்லை ஆக்கியுள்ளனர். ‘வணர்’ வளைவைக் குறிக்கும் பழஞ்சொல். யாழின் வளைந்த தண்டைப் பாடிய புலவர்க்கு அது பழக்கமானது. வணரி அறையில் சுழலும் தண்டு எண்ணெயைச் சிதறடித்துக்கொண்டே இருப்பதால், அங்கே எந்நேரமும் எண்ணெய்த் துளிகள் மூடுபனிபோல் மிதக்கின்றன. கசிவளி அவற்றையும் சுமந்துகொள்கிறது.

இந்த வளி வெளியேற வழி வேண்டும். வழியில்லையேல் அறையில் அழுத்தம் ஏறி, தண்டு முனைகளில் உள்ள அடைப்பு வளையங்களை மீறி எண்ணெய் வெளியே கசியும். டர்போ இயந்திரத்தில் இன்னொரு கேடும் உண்டு. டர்போவின் சுழல்தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல வல்லது. அதற்கு ஊட்டப்படும் எண்ணெய், வேலை முடிந்ததும் தன் எடையாலேயே கீழிறங்கி எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். வணரி அறையில் அழுத்தம் ஏறினால் அந்த இறக்கம் தடைப்படும். இறங்க மாட்டாத எண்ணெய் டர்போவின் அடைப்புகளைத் தாண்டிக் காற்றுப் பாதையிலோ புகைப் பாதையிலோ புகும். பின்னால் நீலப்புகை கிளம்பும். பிடிகலத்தைத் தவறாகப் பொருத்தி வளியின் வழியை நெருக்கிவிட்டால் நேரக்கூடிய விளைவும் இதுவே. எனவே இக்கருவியை அணிகலன்போல் எண்ணிப் பொருத்துவது தகாது.

பழைய மகிழுந்துகளில் ஒரு குழாயை வணரி அறையிலிருந்து கீழ்நோக்கி விட்டு, வளியைச் சாலையிலேயே கழித்துவிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்த பிறகே இதன் தீங்கு உணரப்பட்டது. கட்டுப்பாடற்ற ஒரு மகிழுந்து வெளியிடும் ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இக்குழாயிலிருந்தே வந்தது. ஆகவே கசிவளியை மீண்டும் இயந்திரத்துக்குள்ளேயே செலுத்தி எரிக்கும் முறை 1961ஆம் ஆண்டு மாதிரிகளில் கலிபோர்னியாவிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதும் புது வண்டிகளில் இடம்பெற்றது. அம்முறையின் நடுநாயகம் ஒரு சிறு வால்வு. பட்டறைகளில் அதனைப் ‘பி.சி.வி. வால்வு’ என்பர். வால்வுக்குத் தமிழில் ‘ஓரதர்’ என்னும் சொல் உண்டு. அதர் என்றால் வழி. ஓரதர் என்றால் ஒரு வழி. எல்லா வால்வுகளுக்கும் அப்பெயர் பொருந்துமா என்பது ஐயமே. தண்ணீர்க் குழாயின் திருகு வால்வு இருதிசையும் விடும். ஆனால் பி.சி.வி. வால்வுக்கு ஓரதர் என்பதைவிடச் சிறந்த பெயர் வாய்க்காது. அது வளியை ஒரு பக்கம் போகவிடும், மறுபக்கம் வரவிடாது.

டர்போ இல்லாத இயந்திரத்தில் இந்த ஏற்பாடு எளிது. இயந்திரம் காற்றை உறிஞ்சும் பன்முகக் குழாயில் அழுத்தம் குறைந்திருக்கும். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் குறைவு வணரி அறையின் வளியை ஓரதர் வழியாகத் தன்பால் இழுக்கும். வெளியேறிய வளிக்கு ஈடாக, காற்று வடிகட்டியைக் கடந்து வரும் தூய காற்று மற்றொரு குழாய் வழியே அறைக்குள் நுழையும். இரண்டாவதாகச் சொன்ன இக்குழாயை நாம் மூச்சுக்குழல் என்போம்.

டர்போ வந்ததும் காட்சி மாறுகிறது. மலையேற்றத்தில் டர்போ காற்றை அமுக்கி அனுப்பும்போது, பன்முகக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றை விட மிகுந்துவிடும். இழுத்த இடமே இப்போது தள்ளும் இடமாகிறது. ஓரதர் உடனே மூடிக்கொள்ளும். அப்போது கசிவளி குறைவதில்லை. சுமை ஏறியிருப்பதால் அது கூடுகிறது. அது போக எஞ்சியிருக்கும் வழி மூச்சுக்குழலே. சற்றுமுன் தூய காற்று உள்ளே வந்த குழலில் இப்போது எண்ணெய் சுமந்த வளி எதிர்த்திசையில் வெளியேறி, டர்போவின் வாய்க்குச் சென்று சேர்கிறது. ஒரே குழல், இரு வேறு திசைகள்.

இந்த இடத்தில் சொல்லாட்சி குறித்து ஒன்று கூற வேண்டும். பட்டறையில் இவ்விரு நிலைகளையும் ‘வேக்குவம்’, ‘பூஸ்ட்’ என்பர். பாடநூல் நடையில் முதற்சொல்லை ‘வெற்றிடம்’ என்று பெயர்த்துவிடுகிறோம். மாணவன் அதனைக் கேட்டதும் ஒன்றுமில்லாத இடத்தைக் கற்பனை செய்கிறான். ஒன்றுமில்லாத குழாயில் எண்ணெய் எப்படி வரும் என்று குழம்புகிறான். ‘குறையழுத்தம்’, ‘மிகையழுத்தம்’ என்று இணையாகச் சொன்னால் குழப்பம் தீரும். எதைவிடக் குறை, எதைவிட மிகை என்னும் கேள்வி தானே எழும். வெளிக்காற்றை விட என்னும் விடையும் உடன் வரும். வளி மிகையிலிருந்து குறைக்குச் செல்லும் என்பது தெரிந்தால், எந்தக் குழாயில் எப்போது எத்திசையில் ஓட்டம் நிகழும் என்பதை மாணவன் தானே சொல்லிவிடுவான். தனித்தமிழா கடன்சொல்லா என்னும் வழக்கில் நமக்கு இங்கு நாட்டமில்லை. பிஸ்டனைப் பிஸ்டன் என்றே சொல்லிவருகிறோம். அதனால் எந்தத் தெளிவும் கெடவில்லை. வெற்றிடம் நல்ல தமிழ்ச்சொல். ஆயினும் இவ்விடத்தில் தெளிவைக் கெடுக்கிறது.

இனி எண்ணெய் செய்யும் தீங்கு. டர்போவின் வாய்க்குச் சென்ற எண்ணெய்த் துளிகள் அமுக்கப்பட்ட காற்றோடு கலந்து, அக்காற்றைக் குளிர்விக்கும் ‘இன்டர்கூலர்’ என்னும் பகுதியின் உட்சுவரில் படிகின்றன. அடுப்படிச் சுவரில் நாள்பட ஏறும் எண்ணெய்ப் பிசுக்கை நினைத்துக்கொள்க. பிசுக்குப் படிந்த சுவர் வெப்பத்தை நன்கு கடத்தாது. சிலிண்டருக்குள் சென்ற எண்ணெயோ பெட்ரோலின் தட்டல்தாங்கும் திறனைக் குறைக்கும். கணினி அதை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இழுவை சற்றே குன்றும்.

மூன்றாவது தீங்கே பெரிதும் பேசப்படுவது. காற்று நுழையும் வால்வுகளின் முதுகில் எண்ணெய் படிந்து, சூட்டில் கருகிக் கரியாக இறுகுகிறது. இது எல்லா இயந்திரத்துக்கும் ஒரே அளவினதன்று. எக்ஸ்50 இதற்கு நல்ல சான்று. 2020இல் வந்த அவ்வண்டியின் கீழ்நிலை வகைகளில் பெட்ரோல் வால்வுக்கு முன்பே, காற்றுப் பாதையில் தெளிக்கப்பட்டது. மேல்நிலை வகையில் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கப்பட்டது. கொள்ளளவு ஒன்றே, சிலிண்டர் எண்ணிக்கையும் ஒன்றே. முன்னதன் முறுக்குவிசை 226 நியூட்டன் மீட்டர், பின்னதன் விசை 255. பின்னது வலிமை மிக்கது. ஆனால் முன்னதில் பெட்ரோல் ஒவ்வொரு முறையும் வால்வைக் கழுவிச் செல்வதுபோல் பின்னதில் கழுவுவதில்லை. படிந்தது படிந்தபடியே இறுகும். எனவே ‘எக்ஸ்50க்குப் பிடிகலம் வேண்டுமா’ என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. எந்த எக்ஸ்50 என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நம் கருத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர்கள் இயந்திரத் தலையின் மூடிக்குள்ளேயே எண்ணெயைப் பிரிக்கும் தடுப்புகளை அமைத்திருக்கின்றனர். பெரும்பாலோர்க்கு அதுவே போதும். நேரடித் தெளிப்பு உடைய வண்டியை மலைச்சாலையில் நாள்தோறும் ஓட்டி, நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோர்க்குப் பிடிகலம் பயன்தரும். காற்றுப் பாதையில் தெளிக்கும் வண்டிக்கு அதனால் வரும் பயன் சிறிது. கலத்தை வடிக்க மறந்துவிடுவோர்க்கோ அது நன்மையை விடத் தீமையே மிகுதியாகச் செய்யும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின், விற்பனை நிலையத்தாரிடம் எழுத்தில் கேட்டு விடைபெற்ற பின்பே கைவைக்க வேண்டும்.

பிடிகலம் எண்ணெயை எவ்வாறு பிடிக்கிறது? இதற்கு ஒப்புமை பாலிக் புலாவிலேயே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியார் இத்தீவில் கொணர்ந்து நட்ட சாதிக்காய் இன்றும் இவ்வூரின் அடையாளம். சாதிக்காயிலிருந்து தைலம் எடுக்க அதன் ஊடே நீராவியைச் செலுத்துவர். ஆவி தைலத்தைச் சுமந்துகொண்டு குளிர்ந்த குழாய் வழியே போகும். அங்கே நீர்மமாகித் தொட்டியில் விழும். இவ்வாறு ஆவியாக்கி வடிக்கும் கலத்துக்குத் தமிழில் ‘வாலை’ என்று பெயர். சித்த மருத்துவர் இன்றும் கையாளும் சொல். பிடிகலமும் ஓரளவு வாலையின் உறவே. சூடான வளி இயந்திரத்திலிருந்து விலகிய குளிர்ந்த கலத்துக்குள் நுழைகிறது. அகன்ற இடத்தில் வேகம் தணிகிறது. நீராவியும் பெட்ரோல் ஆவியும் ஒரு பகுதி நீர்மமாகின்றன. எண்ணெய்த் துளிகளோ முன்பே துளிகளாக இருப்பவை. அவை உள்ளே அமைந்த தடுப்புத் தகட்டில் மோதியும், உலோக நார்ப் பந்தின் இழைகளில் சிக்கியும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் சொட்டுகின்றன. அவற்றுள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினவும் உண்டு. எனவே உள்ளே தடுப்பும் நாரும் இல்லாத வெற்றுக் குவளை விலை மலிவாயினும் பயன்படாது. வளி ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் எண்ணெயோடே வெளியேறிவிடும்.

இதனைச் சிலர் ‘ஃபில்டர்’ என்கின்றனர். தமிழில் ‘வடிகட்டி’ என்று சொல்லிவிடுகின்றனர். இப்பெயர் ஆபத்தானது. வடிகட்டி என்றால் ஆண்டுக்கொரு முறை மாற்றினால் போதும் என்று மனம் முடிவுசெய்துவிடும். கலம் என்றால் அது நிறையும் என்பதும், நிறைந்தால் வழியும் என்பதும் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன.

‘எண்ணெய்’ என்னும் சொல்லையும் சற்று நோக்க வேண்டும். எள்ளின் நெய் என்று பிறந்த சொல், பிற வித்துகளின் நெய்க்கும் பரவி, பின் மண்ணடியிலிருந்து எடுப்பதற்கும் ஆகிவந்தது. மலாயில் ‘மிஞாக்’ என்பது சமையல் எண்ணெய், பெட்ரோல், இயந்திர எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொது. இயந்திர எண்ணெயைப் பிரித்துச் சொல்ல ‘மிஞாக் ஹித்தாம்’, அதாவது கறுப்பு எண்ணெய், என்பர். நாமும் பெட்ரோல் விற்குமிடத்தை எண்ணெய் நிலையம் என்றே எழுதுகிறோம். ஆகவே ‘வண்டி எண்ணெய் குடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், பெட்ரோல் செலவு மிகுந்ததா, இயந்திர எண்ணெய் குறைகிறதா என்று கேட்டறிய வேண்டும். இரண்டும் வேறு நோய்கள். இயந்திர எண்ணெயைத் தமிழகத்தில் ‘மசகு எண்ணெய்’ என்பர். மசகு மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்ட கறுத்த குழம்பு. ஆனால் இலங்கைச் செய்தித்தாளில் மசகு எண்ணெய் விலை ஏறியது என்றால், அது நிலத்தடியிலிருந்து எடுத்த சுத்திகரிக்காத எண்ணெயைக் குறிக்கும். தமிழகத்தார் அதனைக் கச்சா எண்ணெய் என்பர். ஒரே மொழியின் இரு நாட்டு வழக்குகள் இவ்வளவு விலகியிருப்பது பாடநூல் எழுதுவோர் கருதத்தக்கது. குழப்பத்துக்கு இடமில்லாத ‘உயவெண்ணெய்’ என்பதை நாம் இங்கு ஆள்வோம்.

இனிப் பொருத்தும் முறை. வேலை தொடங்குமுன் இயந்திரம் நன்கு ஆறியிருக்க வேண்டும். டர்போவும் அதன் புகைக்குழாயும் இயந்திரத்தின் பிற பகுதிகளை விடக் கடுஞ்சூடானவை. முதலில் வண்டியின் பழுதுபார்ப்பு நூலைக் கொண்டு இரு குழாய்களையும் அடையாளம் காண வேண்டும். ஓரதரிலிருந்து பன்முகக் குழாய்க்குச் செல்வது ஒன்று. இயந்திரத் தலையின் மூடியிலிருந்து டர்போவின் வாய்க்குச் செல்லும் மூச்சுக்குழல் மற்றொன்று. தடிப்புக் கருதி வேறு குழாயைத் தொட்டுவிடக் கூடாது. குறிப்பாக, பிரேக்கின் துணைவிசைக் கலத்துக்குச் செல்லும் குழாயும் பன்முகக் குழாயிலிருந்தே கிளம்பக்கூடும். அதனை வெட்டினால் மலையிறக்கத்தில் உயிருக்கே கேடு.

எந்தக் குழாயின் இடையே கலத்தை வைப்பது? சமவெளியில் மெல்ல ஓடும் வண்டியில் எண்ணெய் பெரும்பாலும் முதற்குழாய் வழியே போகும். ஏற்றத்தில் உழைக்கும் வண்டியில் மூச்சுக்குழல் வழியே போகும். இரண்டுக்கும் தனித்தனிக் கலம் வைப்போரும் உண்டு. முதற்குழாயில் வைப்பதாயின் ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். ஓரதர் இயந்திர மூடியின் பக்கம் இருந்தால், கலம் ஓரதருக்கும் பன்முகக் குழாய்க்கும் நடுவே அகப்படும். ஆகவே டர்போவின் மிகையழுத்தம் முழுவதும் கலத்தின்மேல் விழும். மெல்லிய பிளாஸ்டிக் கண்காணிப்புக் குழாய் உடைய கலம் அதனைத் தாங்காது. மூச்சுக்குழலில் வைக்கும் கலத்துக்கு அச்சுமை இல்லை. மலைச்சாலை வண்டிக்கு ஒரே கலம் வைப்பதாயின் மூச்சுக்குழலே தக்க இடம் என்பது நம் எண்ணம்.

கலத்தைப் புகைக்குழாயின் சூட்டுக்கு எட்டாத, காற்று படும் இடத்தில், அசையாத இரும்புப் பகுதியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். குழாய் எண்ணெயைத் தாங்கும் இரப்பராக இருத்தல் வேண்டும். தண்ணீர்க் குழாயும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயும் சில மாதங்களில் ஊதியோ வெடித்தோ போகும். அதன் உள்விட்டம் பழைய குழாயின் உள்விட்டத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் முன்சொன்ன அழுத்த ஏற்றம் வந்து சேரும். குழாய் நடுவில் தொய்ந்து தொங்கலாகாது. தொய்வில் நீர்மம் தேங்கி வழியை அடைத்துவிடும். பழைய குழாயைக் கழற்றி, அதன் இரு வாய்களையும் துடைத்து, இயந்திரப் பக்கத்து வாயைக் கலத்தின் நுழைவாயோடும், கலத்தின் வெளிவாயை டர்போப் பக்கத்து வாயோடும் இணைத்து, ஒவ்வோர் இணைப்பையும் பட்டையிட்டு இறுக்க வேண்டும். இந்த ஒரே வாக்கியத்தில் வினையெச்சங்கள் வேலை நடக்கும் வரிசையிலேயே நிற்பதைக் கவனிக்க. கழற்றி, துடைத்து, இணைத்து, இறுக்கு. செயல்முறை எழுதுவதற்குத் தமிழ் வாக்கியம் இயல்பாகவே வாய்ப்பானது. பிறமொழிக் கையேட்டின் வாக்கியத்தைத் தலைகீழாகப் பெயர்க்கும்போதுதான் அது திணறுகிறது.

சிலர் வெளிவாயைத் திரும்ப இணைக்காமல், அதன்மேல் ஒரு சிறு குல்லாய் வடிகட்டியை வைத்து வளியை வெளியே விட்டுவிடுகின்றனர். வேலை குறைவு, தோற்றமும் பகட்டாக இருக்கும். ஆனால் இது 1961க்கு முந்திய சாலைக் குழாயின் மறுபிறவியே. பெட்ரோல் நெடி வண்டிக்குள் வரும். நச்சு வளி தெருவில் கலக்கும். இயந்திரத்துக்கும் அது ஒவ்வாது. காற்றின் அளவை முகப்பிலேயே அளந்து பெட்ரோலைக் கணக்கிடும் வண்டியில், அளவியைத் தாண்டிய பின் திறந்த வாய் வழியே அளக்கப்படாத காற்று புகும்; கணக்குப் பிழைக்கும்; எச்சரிக்கை விளக்கு எரியும். டர்போப் பக்கத்து வாயை மூடாமல் விட்டாலோ, வடிகட்டாத தூசி நேரே டர்போவுக்குள் செல்லும். மூடிய சுற்றே முறையானது.

இணைத்து முடித்ததும் இயந்திரத்தை இயக்கி, நின்ற இடத்தில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ‘உஸ்’ என்ற ஒலி கேட்டால் ஏதோ ஓர் இணைப்பில் காற்று நுழைகிறது. ஓட்டம் தள்ளாடினாலும் அதுவே காரணமாகலாம். பின் ஒருமுறை மலையேறி இறங்கி, எல்லா இணைப்புகளையும், இயந்திரத்தின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும்.

பார்த்ததைச் சொல்வதற்குத் தமிழில் உள்ள சொல்வளம் இங்கு மிகவும் கைகொடுக்கும். ஆங்கிலம் கலந்த பேச்சில் எல்லாமே ‘லீக்’. தமிழிலோ ஈரம் மட்டும் தோன்றினால் கசிகிறது. துடைத்தபின் மெல்லத் திரும்ப வந்தால் ஊறுகிறது. துளியாக விழுந்தால் சொட்டுகிறது. இடைவிடாது இறங்கினால் ஒழுகுகிறது. கலம் நிறைந்து விளிம்பு கடந்தால் வழிகிறது. அழுத்தத்தால் தெறித்தால் பீச்சுகிறது. ஒவ்வொன்றும் வேறு காரணத்தைச் சுட்டும். கசிவுக்குப் பட்டையை இறுக்கினால் போதும். சொட்டுக்கு அடைப்பு வளையத்தைப் பார்க்க வேண்டும். பீச்சுகிறதென்றால் வணரி அறையின் வழி அடைபட்டிருக்கிறது; அப்போது வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. நம் மாணவர்களுக்கு இச்சொற்கள் அனைத்தும் வீட்டிலேயே தெரியும். கூரையும் குழாயும் குடமும் கற்பித்தவை அவை. ஆனால் அவற்றை அறிவியல் விடைத்தாளில் எழுதலாம் என்பதை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

இத்தீவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியின் தமிழ் வகுப்போடு தொடங்கியது. இன்று தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை பயிலும் மாணவன் பின்னர் இடைநிலைப் பள்ளிக்கோ, பாலிக் புலாவில் உள்ளது போன்ற தொழிற்கல்லூரிக்கோ செல்லும்போது பாடமொழி மலாயாகிவிடுகிறது. பட்டறையில் சேர்ந்தால் அங்குள்ள மொழியும் கலவையே. பட்டறையைக் குறிக்கும் ‘பெங்கெல்’ டச்சு மொழியிலிருந்து மலாய்க்கு வந்தது. வண்டியைக் குறிக்கும் ‘கெரேத்தா’ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. பழுதுபார்ப்பவரைக் குறிக்கும் ‘போமென்’ ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறித்த சொல்லின் திரிபு. மலாயில் பெட்டியைக் குறிக்கும் ‘பெத்தி’யும், கடையைக் குறிக்கும் ‘கெடாய்’யும் நாம் கொடுத்தவை. இக்கலவையை இழிவாக எண்ண வேண்டியதில்லை. துறைமுகத் தீவின் இயல்பு அது. கவலைக்குரியது வேறொன்று. பன்னிரண்டு வயதில் அழுத்தம், ஆவி, குளிர்தல் ஆகியவற்றைத் தமிழில் கற்ற ஒருவன், இருபது வயதில் அவையே தன் கையடியில் இயங்கும்போது, முன்பு கற்றதே இது என்று உணராமற் போகிறான். இரண்டு அறிவுகளும் வேறு வேறு அறைகளில் கிடக்கின்றன. ஆசிரியர் நீராவி குளிர்தலைக் கற்பிக்கும்போது, கொதிக்கும் கெண்டியோடு நில்லாமல் சாதிக்காய் வாலையையும் பிடிகலத்தையும் சேர்த்துக் காட்டினால் இவ்விரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு திறக்கும். அதற்குத் தனி நூல் வேண்டியதில்லை. கரும்பலகையில் ஒரு படமும், குறை, மிகை என்னும் இரு சொற்களும் போதும்.

கலத்தை வடிப்பது பற்றிச் சொல்ல வேண்டியது எஞ்சியுள்ளது. பொருத்திய பின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே தூய உயவெண்ணெய் இருக்கும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். பெரும்பாலும் பால்விட்ட காப்பியின் நிறத்தில், பெட்ரோல் நெடியுடன் ஒரு கலவை இருக்கும். வெண்மை நீரால் வந்தது. குறும்பயணம் மிகுந்த வண்டியில் எண்ணெய் போதிய சூடேறாமையால் நீர் ஆவியாகிப் போகாமல் தங்குகிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டியில் கலவை கறுத்தும் அளவில் குறைந்தும் இருக்கும். கலத்தில் மட்டும் வெண்கலவை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இயந்திரத்தின் அளவுகோலிலும் அதே வெண்மை தென்பட்டு, குளிர்நீரும் குறைந்துவந்தால் உடனே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வடித்ததைத் திரும்ப இயந்திரத்தில் ஊற்றலாகாது. நீரும் பெட்ரோலும் கலந்த அது உயவைக் கெடுக்கும். சாக்கடையிலும் ஊற்றலாகாது. இவ்வூரின் வாய்க்கால்கள் வயல்களையும் அலையாத்திக் காடுகளையும் கடந்தே கடலைச் சேர்கின்றன. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பயன்பட்ட உயவெண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்னும் தனி எண்ணே உண்டு. ஒரு மூடிய புட்டியில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் தேதி, ஓடிய தொலைவு, வடிந்த அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும், கலம் பாதி நிறைய எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு முன்பே வடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அளவு திடீரெனக் கூடினால், கலத்தைப் பெரிதாக்காமல் பிஸ்டன் வளையங்களைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.